மச்சானுக்கு எதிரே கறுப்பு

படுக்கை விரிப்பு உருளைக்குள் போகிற நேரம்தான் அங்கே பேசக் கிடைக்கிற நேரம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, சுருக்கம் எடுத்து, சூட்டு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். மிச்சத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். அடுத்த விரிப்புக்குக் குனிவதற்குள் ஒரு வாக்கியம் சொல்லலாம். நிமிரும்போது பதில் வாங்கலாம். இப்படித் துண்டு துண்டாகப் பேசியே அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பல பேர் உலகத்தையே அலசிப் பிழிந்து காயப்போட்டிருக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். துணி மலை மலையாக வந்து இறங்கியது. இருக்கிற இரண்டு உருளைகளில் ஒன்று மக்கர் பண்ணி நின்றுவிட்டதால், அதன் வேலையும் சேர்த்து ஓடுகிற உருளையின் தலையில் விழுந்தது. உருளையின் தலையில் என்று சொல்வது மரியாதைக்கு. விழுந்ததெல்லாம் ஆட்களின் முதுகில்தான்.

இந்த முனையில் இஸ்திரிக்காரர். அந்த முனையில் ரேடியோ. நிறுத்துகிற பொத்தான் இல்லாத மனிதர் என்பதால் ரேடியோவுக்கு அந்தப் பெயர்.

"சதுரங்கப் போட்டிக்கு ஜோடி போட்டு ஒட்டிட்டாங்களாமே," என்றார் ரேடியோ.

"ம்."

"கடைசிச் சுத்து. நீயும் உன் மச்சானும்."

"ம்."

"உனக்குக் கறுப்பாமே."

"ஆமாப்பா, ஆமா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குக் கேக்குற? முனையை இழுத்துப் பிடி, சுருங்குது பாரு."

ரேடியோ இழுத்துப் பிடித்தார். வாயை மட்டும் பிடிக்கவில்லை. "சிசிலியன் தடுப்பாட்டம் ஆடு. நான் சொல்றேன் கேளு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. அவரு வெள்ளைன்னா ராஜா முன்னாடி சிப்பாயைத்தான் ரெண்டு கட்டம் தள்ளுவாரு. பொழுது விடியுறது தப்பினாலும் அது தப்பாது. நீ சிசிலியனைப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிடு. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

"ஊருக்கு வேற வேலை இல்ல."

"இல்லதான். இந்த மழையில என்ன வேலை?"

ஊர் என்று ரேடியோ சொன்னது, முடிதிருத்தும் கடை மாடியில் கூடுகிற சதுரங்கக் கழகத்தை. கூடுகிறவர்கள் எல்லாரும் கைவேலைக்காரர்கள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர், லாரி ஓட்டுகிறவர், சவப்பெட்டி செய்கிறவர், இப்படி. வாரம் முழுக்க முதலாளி சொல்கிற இடத்தில் நின்றுவிட்டு, விடுமுறை நாளில் ஒரு மரக்கட்டையையாவது தன் இஷ்டத்துக்கு நிறுத்திப் பார்க்கலாமே என்று வருகிறவர்கள். ஆனால் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாழ்க்கையில் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே பழகிய மனிதன், அந்தப் பலகையில் மட்டும் ஒரு இம்மி விடமாட்டான்.

அந்த வியாதிதான் போன வருஷம் இந்த வீட்டுக்குள் புகுந்தது.

இஸ்திரிக்காரரின் மனைவியும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுகிற அறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். கூடத்தில் எல்லாருக்கும் அவள் ஒட்டு அக்கா. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு அண்ணன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். ஒருவர் ஆவியில் வேகிறவர், ஒருவர் பனியில் உறைகிறவர். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு மனுஷன் பதமாக வருவான் என்று கழகத்தில் கேலி செய்வார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் அப்படி ஒட்டுதல். ஐஸ்காரரின் மனைவி இறந்த பிறகு, ஒட்டு அக்கா ஒவ்வொரு விடுமுறைக்கும் பாலம் தாண்டிப் போய் அண்ணனுக்கு இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் அவர் இங்கே வந்து சாப்பிடுவார்.

போன வருஷம் இதே போட்டி, இதே கடைசிச் சுற்று. ஐஸ்காரர் யோசனையிலேயே கையை நீட்டி, கட்டத்தில் கோணலாக நின்ற தன் குதிரையை நேராக்கினார். நேராக்குவதற்கு முன்னால் "அட்ஜஸ்ட்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "தொட்டுட்டீங்க மச்சான்," என்றார் இஸ்திரிக்காரர். தொட்டால் ஆட வேண்டும். அது சட்டம். நடுவராக இருந்த கடிகாரக்காரரும் தலையை ஆட்டிவிட்டார். குதிரை நகர்ந்தது, அதன் காவலில் நின்ற யானை போனது. ஆட்டமும் போனது. "ஆனைக்கும் அடி சறுக்கும்," என்று எவனோ ஒருவன் பின்னாலிருந்து சொல்லி வைத்தான். ஐஸ்காரர் எழுந்து, அத்தனை பேர் முன்னால், "இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது சொன்னதுதான். மிதிக்கவில்லை. பொங்கின பால் அடங்குகிற மாதிரி நாலு நாளில் அடங்கிவிடும் என்று இவர்கள் இருந்தார்கள். மாதங்கள் போயின. அண்ணன் வராத வீட்டிலிருந்து நாம் எந்த முகத்தோடு போவது என்று ஒட்டு அக்காவும் பாலம் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு குதிரைக்காக ஒரு குடும்பம் பிரிந்தது என்று பேசிச் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம்தான், அடுத்த வீட்டில் நடந்தால்.

"இன்னொண்ணு கேள்விப்பட்டியா?" என்றார் ரேடியோ, அடுத்த விரிப்பின் முனையைத் தேடிக்கொண்டே.

"என்ன?"

"உன் மச்சான் ஊரை விட்டுப் போறாரு. ஐஸ் கம்பெனி வேற ஊர்ல புதுசா ஆலை போட்டிருக்காம். இயந்திரம் தெரிஞ்ச ஆளு வேணும்னு இவரைக் கேட்டிருக்காங்க. சரின்னுட்டாராம். போட்டி முடிஞ்ச மறுநாள் காலையில வண்டி."

விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போனது. பல வருஷங்களில் இஸ்திரிக்காரர் கோணலாக விட்டது அது ஒன்றுதான்.

* * *

ஒட்டு அக்காவுக்கு விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இவர் வீட்டுக்கு வந்தபோது வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கத் தையல் மிதியை மிதித்த கால், சாயங்காலம் ஆனால் வீங்கி உப்பிவிடும். ஒரே அறை, அதை ஒட்டி அடுப்படி. மழையில் காயாத துணிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடியில் தொங்கின. ஊர்த் துணியெல்லாம் காயவைக்கிற வீட்டில் சொந்தத் துணி காய வழியில்லை.

"சொன்னாங்களா?" என்றாள்.

"ரேடியோ சொன்னான்."

"என்கிட்ட துணி மடிக்கிற பொண்ணு வந்து சொல்றா. 'அக்கா, உங்க அண்ணன் போறாராமே, நீங்க வழியனுப்பப் போவீங்களா'ன்னு. எவளோ ஒருத்தி சொல்லி நான் தெரிஞ்சுக்கிறேன்." குரல் உடையவில்லை. உடைவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சோறு, பருப்பு, அவித்த முட்டை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார்கள். எழுந்து கை கழுவக்கூட உடம்பு மறுத்தது.

"தோத்துடுங்களேன்," என்றாள் கடைசியில்.

"என்னது?"

"அவரு ஜெயிச்சாருன்னா மனசு குளிர்ந்துடும். ஒரு வேளை இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போவாரு. அது போதும் எனக்கு. போற மனுஷன் ஒரு வேளை என் கையால தின்னுட்டுப் போகட்டும்."

"தோக்கிறது என்ன அவ்வளவு லேசா? அவருக்கு என் ஆட்டம் உள்ளங்கை மாதிரி. நான் வேணும்னு விட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் ஜென்மத்துக்கும் முகத்துல முழிக்கமாட்டாரு."

"ஜெயிச்சாலும் கோவம். விட்டுக்குடுத்தாலும் கோவம். அப்ப நான் என்னதான் பண்றது? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி." கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, ரெண்டு பேருக்கும் வாய் இல்லையா? கட்டையை நகர்த்தித்தான் பேசுவீங்களா?"

அவர் பலகையை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்து, காய்களை அடுக்கினார். வெள்ளை ராஜாவின் முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குக் கறுப்பு என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மச்சானோடு ஒரு வேளை சாப்பிடுவதற்கு எது வழி என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ஒட்டு அக்கா பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதை ஆடப் போறீங்க?"

"ரேடியோ சிசிலியனாம்."

"அய்யோ, அந்தச் சிசிலி வேண்டவே வேண்டாம். அதை ஆடிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு நீங்க எரிஞ்சு விழுவீங்க. உப்பு கம்மி, தண்ணி சூடில்ல, கதவை ஏன் சாத்துனன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இதுவரை ஒரு சிப்பாயைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஆனால் எந்தத் தடுப்பாட்டம் எந்த மூஞ்சியோடு வீட்டுக்கு வரும் என்பது அவளுக்கு அத்துபடி.

"பிரெஞ்சு?" என்றார். "போன வருஷம் ஆடினது அதுதான்."

"அதனாலயே வேண்டாம். அதும்போக, பிரெஞ்சு ஆடினா உங்களுக்கு வயித்தெரிச்சல். பாதிச் சோத்தை அப்படியே வெச்சிடுவீங்க."

"எரியாம என்ன செய்யும்? அதுல என் மந்திரி என் சிப்பாய்ங்களுக்குப் பின்னாடியே பூட்டிக் கிடக்கும். வெளிய வர வழி பாத்துப் பாத்தே பாதி ஆட்டம் போயிடும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "பெட்ராஃப்னு ஒண்ணு இருக்கு. அவரு செய்யறதையே நானும் செய்யறது. அவரு குதிரையை எடுத்தா நானும் குதிரை. மளமளன்னு எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு, அரை மணி நேரத்துல டிராவுன்னு கை குடுத்துட்டு எந்திரிச்சுடலாம். யாருக்கும் அவமானம் இல்ல."

"அரை மணி நேரத்துல எந்திரிச்சுட்டா எப்பங்க பேசுவீங்க? ஒரு வருஷம் கழிச்சு எதிர எதிர உக்காரப் போறீங்க. கொஞ்ச நேரமாவது உக்காருங்க." அவள் பலகையைப் பார்த்தாள். "அண்ணன் எதை ஆடுவாரு, கறுப்பு வந்தா?"

"காரோ-கான். வேற எதையும் தொடமாட்டாரு."

"அதை ஆடிட்டு வந்தா ரெண்டாந்தடவ சோறு கேப்பாரு. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. மூஞ்சி தெளிஞ்சு இருக்கும். அதுல என்ன இருக்கு அப்படி?"

"பெருசா ஒண்ணும் இல்ல. நிதானமான ஆட்டம். முதல்ல மந்திரியை வெளிய அனுப்பிட்டு, அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்கலாம். எவன் வந்தாலும் சட்டுனு உடைக்க முடியாது."

"அதையே ஆடுங்க."

"அவரு ஆட்டத்தை அவருக்கு எதிராவா? அவரு சட்டையைப் போட்டுக்கிட்டு அவரு முன்னாடி போய் நிக்கிற மாதிரி இருக்கும். நக்கல் பண்றேன்னு நினைச்சாருன்னா?"

"நினைக்கமாட்டாரு. அவருக்குப் பிடிச்சது. அவருக்குப் புரியும்." அவள் கட்டிலில் சாய்ந்தாள். சொல்லி முடித்ததும் கண் சொருகிவிட்டது. இஸ்திரிக்காரர் கறுப்பு ராணிக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்துப் பார்த்தார். அசிங்கமாக இல்லை. பார்க்கப் பார்க்க அது ஒன்றுதான் சரி என்று பட்டது. களைத்துப்போன மனிதனுக்கு யாராவது ஒரு வழி சொன்னால் போதும், அதுவே நல்ல வழியாகத் தெரியும்.

* * *

விடுமுறை நாளிலும் மழை விடவில்லை. கழகத்தின் மாடிப் படிகளில் குடைகள் விரித்தபடி கிடந்தன. கீழேயிருந்து சோப்பு வாசனையும் கத்தரிச் சத்தமும் வந்துகொண்டிருந்தன. மற்ற பலகைகளில் ஆடுகிறவர்களும் அரைக் கண்ணை இந்த மேசைமேல்தான் வைத்திருந்தார்கள். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைக்கிற நாள். ரேடியோ நாற்காலி கிடைக்காமல் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஐஸ்காரர் இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. விரல்கள் பனியில் வெடித்து, வெடிப்புகளில் மருந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆள் மெலிந்திருந்தார். இஸ்திரிக்காரர் அதைப் பார்த்தார். பார்க்காதது போல் காயை நேராக்கப் போனவர், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கை கொடுத்துக்கொண்டார்கள். கடிகாரக்காரர் கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

ஐஸ்காரர் ராஜா முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். இஸ்திரிக்காரர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, ராணிப் பக்க மந்திரிக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார்.

ஐஸ்காரரின் கை பாதி வழியில் நின்றது. பலகையைப் பார்த்தார். பிறகு, ஒரு வருஷத்தில் முதல்முறையாக, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கோபமா, கேள்வியா, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் திட்டில் ரேடியோ பக்கத்து ஆளிடம், "அடப்பாவி, அவரு ஆட்டத்தையே எடுத்துட்டான்யா," என்று கிசுகிசுத்தது மாடி முழுக்கக் கேட்டது. ரேடியோ கிசுகிசுத்தால் அப்படித்தான்.

மூன்றாவது நகர்த்தலில் ஐஸ்காரர் சிப்பாயை முன்னால் தள்ளி நெருக்கினார். தான் கறுப்பாக இருக்கும்போது எதற்குப் பயப்படுவாரோ அதையே செய்தார். எந்தக் கதவில் தாழ்ப்பாள் சரியில்லை என்பது வீட்டுக்காரருக்குத்தானே தெரியும். இஸ்திரிக்காரர் மந்திரியை வெளியே அனுப்பினார், கதவைச் சாத்தினார், உட்கார்ந்தார். வெளியே மழை பெய்தது. ஒருவரும் அவசரப்படவில்லை. நல்ல ஆட்டமாகத்தான் போனது. இந்த மனிதரோடு இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று இஸ்திரிக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் தூங்காத கண் எத்தனை நேரம் தாங்கும்? மதியம் தாண்டியதும் ஐஸ்காரரின் தலை இரண்டு தடவை கவிழ்ந்து நிமிர்ந்தது. நடுவில் நின்ற அவருடைய சிப்பாய்க்குக் காவல் போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

இஸ்திரிக்காரர் கவனித்துவிட்டார். கவனிக்காமல் இருந்திருக்கலாம். வேறு பக்கம் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்ட கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? எடுக்காமல் விட்டால் அவருக்குத் தெரியும். எடுத்தால் வீட்டில் ஒருத்தி சமைத்து வைத்துக் காத்திருப்பது வீணாகும். தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும், அது அவரிடம் இல்லை. எடுத்தார்.

அந்த ஒரு சிப்பாய்தான். அதற்கப்புறம் வெட்டி வெட்டிப் பலகை காலியாயிற்று. கடைசியில் ஒரு கறுப்புச் சிப்பாய் ராணியாவதற்குக் கிளம்பியது, தடுக்க ஆள் இல்லை. எல்லாரும் ஐஸ்காரரின் வாயையே பார்த்தார்கள்.

அவர் தன் ராஜாவை மெதுவாகப் படுக்க வைத்தார். கையை நீட்டினார்.

"நல்லா ஆடுன மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம்.

படிக்கட்டின் பாதியில் இஸ்திரிக்காரர் அவரைப் பிடித்துவிட்டார். "மச்சான், கொஞ்சம் நில்லுங்க. கோவம் இல்லையே?"

"எதுக்குக் கோவம்? சிப்பாயைக் காவல் இல்லாம விட்டது நான். எடுத்தது நீ."

"போன வருஷம்..."

"போன வருஷமும் தொட்டது நான்தான். தொட்டா ஆடணும். நீ கேட்டது சரி. அன்னிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மச்சான் இத்தனை நாள்... ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? செவுத்துக்கிட்டயா?" ஐஸ்காரர் குடையைத் தேடி எடுத்தார். எடுத்துவிட்டு விரிக்காமல் நின்றார். "காரோ-கான் எப்பப் பழகுன?"

"பழகல. பக்கத்துல உக்காந்து உங்களைப் பாத்துப் பாத்து வந்ததுதான்."

"இன்னிக்கு ஏன் அதை எடுத்த?"

பொய் சொல்ல ஒரு கணம் வாய் எழுந்தது. அதற்கும் தெம்பில்லை. "உங்க தங்கச்சிதான் சொன்னா. உங்களுக்குப் பிடிச்சதை ஆடச் சொன்னா."

ஐஸ்காரர் குடையின் பிடியைத் திருகினார். பிறகு கேட்டார்: "ஒரு வருஷத்துல என் தங்கச்சி எனக்குச் சொல்லி அனுப்புன சேதி இதுதானா? சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுறது?"

"நீங்கதானே மச்சான், வாசப்படி மிதிக்கமாட்டேன்னு..."

"சொன்னேன். உன் வீட்டுக்கு நான் வரமாட்டேன்னு சொன்னேன். சொன்ன சொல்லை மாத்த முடியல, அது என் தலையெழுத்து. ஆனா அவ என் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? சொன்னேனா? நீ கேட்டியா?" குரல் உயரவில்லை. "ஒவ்வொரு லீவுக்கும் கதவைத் தாழ் போடாம வெச்சிருந்தேன் மாப்ள. நான் ஒத்தையில கிடக்கேன்னு அவளுக்குத் தெரியும்ல? அவ வந்திருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன். அவன்மேல தப்பில்ல, நான்தான் தொட்டேன்னு. அவளே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பா. நானும் தங்கச்சி இழுத்தா, என்ன செய்யன்னு வந்திருப்பேன்."

குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

* * *

இஸ்திரிக்காரர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வீட்டில் வந்து சொன்னார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நல்லா இருக்கே நியாயம்! நான் எப்படிப் போவேன்? புருஷன்கிட்ட சண்டை போட்ட மனுஷன் வீட்டுக்கு நான் மட்டும் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனா நீங்க என்ன நினைப்பீங்கன்னுதானே போகல?"

"நான் போகாதேன்னு சொல்லலையே."

"போன்னும் சொல்லலையே!"

அதுவும் நிஜம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாக மூன்று பேரும் அடுத்தவர் ஆடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றையும் குழம்பையும் தூக்குப் பாத்திரத்தில் அள்ளினாள். வீங்கின காலுக்குச் செருப்பு ஏறவில்லை. அவர் கீழே உட்கார்ந்து வாரை முழுக்கத் தளர்த்திவிட்டார்.

"நானும் வரட்டா?" என்றார்.

"வாங்க. இதையும் கேட்டுக்கிட்டா இருப்பீங்க?"

பாலத்தில் காற்று குடையை இரண்டு தடவை திருப்பிப் போட்டது. அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

ஐஸ்காரரின் கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. தள்ளினதும் திறந்தது. உள்ளே கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, எல்லாம் கொடுத்தாயிற்று. சுவரோரம் ஒரு பெட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டின ஒரு மூட்டை. அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"மழையில வந்திருக்க," என்றார். "தலையைத் துவட்டு."

"உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தெரியாதாண்ணே?" என்றாள் அவள்.

"உனக்கு வரத் தெரியாதா?"

"தெரியல. பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்." அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு வாசல்ல நிக்கிற? உள்ள வா. இது என் வீடு, இங்க ஒரு சபதமும் இல்ல."

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது ஐஸ்காரருக்கு; மற்ற இரண்டு பேருக்கும் தூக்குப் பாத்திரத்தின் மூடிகள். பேச எவ்வளவோ இருந்தது. வேலை அடித்துப் போட்ட உடம்புகள் முதலில் சாப்பிட்டன. புது ஊரில் குளிர் எப்படி, தங்க இடம் தருவார்களா, வருஷத்துக்கு எத்தனை லீவு என்று அவள் கேட்டாள். தெரியவில்லை, தெரியவில்லை என்றார் அவர். எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதற்கும் அதே பதில் வருமென்று தெரியும்.

சாப்பிட்டதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மூலையில் ஒரு சட்டி கிடந்தது. அடி முழுக்கக் கறுத்து, தீய்ந்தது மேல் தீய்ந்து தோல் தோலாக ஒட்டியிருந்தது. அண்ணிக்குக் கல்யாணத்தில் வந்த சட்டி. போன வருஷம் ஒட்டு அக்கா கடைசியாக அதில் சமைத்துவிட்டுப் போனபோது முகம் பார்க்கலாம் போல் இருந்தது.

"இத்தனை நாளும் இதுலதான் சமைச்சியா?"

"சமைச்சேன்னு யாரு சொன்னா? சுட வெச்சேன்."

அவள் உட்கார்ந்து, சாம்பலைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிற சத்தம் காலி வீட்டில் பெரிதாகக் கேட்டது.

"விடும்மா," என்றார் ஐஸ்காரர். "தூக்கிப் போட்டுட்டுப் போகத்தான் எடுத்து வெச்சேன். உடம்பு முடியாம எதுக்கு?"

அவள் விடவில்லை. ஊர்த் துணிக்கெல்லாம் ஒட்டுப்போட்டு ஓய்ந்துபோன அந்தக் கை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. இரண்டு ஆண்களும் அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் பிடித்தது. கடைசியில் கழுவிக் கவிழ்த்து, ஈரம் போகத் துடைத்து, அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஓரங்களில் கொஞ்சம் கறுப்பு போகவே இல்லை. அது இனிப் போகாது.

"எடுத்துட்டுப் போ," என்றாள். "சமைச்சுத் தின்னு."

ஐஸ்காரர் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். அதை மூட்டையின் பக்கத்தில் வைத்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, கட்டி முடித்திருந்த மூட்டையின் முடிச்சை, வெடித்த விரல்களால் மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தார்.